மாகாணி மாமாவின் படுகை

வைகாசி 27

உரக்கடையில் மூட்டை வாங்கியதற்கு இனாமாகக் கொடுத்த டைரி. அட்டையில் ஒரு தக்காளி, பூசணிக்காய் அளவுக்கு. அதைப் பார்த்ததுமே இது எனக்கென்றே அச்சடித்த டைரி என்று தெரிந்துவிட்டது.

ஆகவே, கொள்ளிடத்தின் வடகரையில் நீர்மங்கலம் என்னும் மாநகரில் (தெரு இரண்டு, டீக்கடை ஒன்று) வீற்றிருக்கும் பரஞ்சோதி ஆகிய நான் என் சரித்திரத்தைத் தொடங்குகிறேன்.

எனக்கு ஊரில் ‘மாகாணி’ என்று பட்டம். பழைய வாய்ப்பாட்டில் மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. நான் எதைச் சொன்னாலும் அதைப் பதினாறாக வகுத்து ஒரு பங்கை மட்டும் நம்புவது இங்கே வழக்கம். இந்த அநியாயத்தைக் கண்டுபிடித்தவன் கோதண்டபாணி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு படித்தவன். பிறகு அவன் தங்கை செங்கமலத்தை நான் கட்டியதால் மச்சான் ஆனான். “மழை பெய்யுற வேகத்துல உலகமே முழுகுதுடா” என்று நான் ஓடி வந்தால், வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பான். “மாகாணி போட்டா தூறல்” என்பான். போய்ப் பார்த்தால் தூறல்தான்.

செங்கமலம் கண்மூடிய பிறகு ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில். அவன் மனைவி மரகதம் எனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். இன்று வத்தக்குழம்பு. அதன் மணத்துக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் நீந்தி வந்துவிட்டார்கள்.

இந்த டைரியில் மட்டும் மாகாணி கிடையாது. எல்லாம் முழுக்கணக்கு.

ஆனி 2

அக்கா மகள் மணிமொழி வந்திருக்கிறாள். எனக்குப் பாப்பா. ஆறுகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் பற்றி ஆராய்கிற ஓர் அமைப்பில் வேலை. செருப்பெல்லாம் சேறு, கழுத்தில் தூரக்கண்ணாடி. கல்யாணத்துக்கு நகை போட்டபோது கூட அவள் கழுத்து இவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை.

படுகையைப் பார்க்கப் போனோம். ஆற்றுக்கும் அரசாங்கத்துப் பெரிய கரைக்கும் நடுவில் கிடக்கிற நிலம் படுகை. வெள்ளக் காலத்தில் ஆறு கால் நீட்டிப் படுத்துக்கொள்ள விட்ட இடம். நாங்கள் ஆற்றோரமாகச் சின்னக்கரை என்று ஒன்று போட்டு அதைக் கால் மடக்கி உட்கார வைத்துவிட்டோம். சின்னக்கரைக்கு உள்ளே தாழ்வான பக்கம் என் பள்ளம். அதையொட்டிச் சற்றே மேட்டில் மச்சானின் வாழை.

“மாமா, பள்ளத்துல கரும்பு எப்படி வருது?”

“ஆகாயத்த முட்டுது.”

“மாகாணி?”

“முழங்கால் உயரம். அதுலயும் பாதி அழுகல்.”

“அப்ப அத ஆத்துக்கே குடுத்துடுங்க. சின்னக்கரையில ஒரு வாய் வெட்டுவோம். வெள்ளம் வர்றப்ப தண்ணி உள்ள வந்து தங்கட்டும். மீன் வந்து முட்டை போடும். நத்தை வரும். நத்தையைத் தேடி நாரை வரும். தண்ணி வடிஞ்சதும் வண்டல் மேல நீங்க உளுந்த வெதைங்க. உங்களுக்கும் நட்டமில்ல.”

“நீர்நாய்?”

“வரலாம்.”

அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. போன வருஷம் நடு ஆற்றுத் திட்டில் ஒரு நீர்நாயைப் பார்த்தேன். பின்னங்காலில் எழுந்து நின்று, மனு வாங்குகிற கலெக்டர் மாதிரி, ‘என்ன குறை?’ என்று என்னைக் கேட்டது. சொல்லத் தெரியாமல் நின்றேன். அது மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆனி 8

பாப்பா முக்காலியில் நிற்கும் லெவல் கருவியை வைத்துக்கொண்டு படுகை முழுக்க அளந்தாள். கோடு போட்ட கம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எவரெஸ்டில் கொடி நட்டவன்கூட அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டான்.

மாலையில் சொன்னாள்: “உங்க பள்ளம் நிறைஞ்சா தண்ணி பெரியப்பா வாழையிலயும் ஏறும். பெரிய வெள்ளம்னா முழங்கால் வரைக்கும். ஒரு வாரமாவது நிக்கும். வாழை தாங்காது.”

“பெரியப்பா” என்றது கோதண்டத்தை.

“அப்ப?”

“ரெண்டு வழி இருக்கு. நடுவுல குறுக்குக்கரை ஒண்ணு ஒசரமாப் போடணும். மண்ணு, ஆளு எல்லாம் சேர்றதுக்குள்ள இந்த வருஷ வெள்ளம் முடிஞ்சிரும். இல்லன்னா அவர் தார் வெட்டுற வரைக்கும் பொறுத்து, அடுத்த ஆடியில வாய் வெட்டலாம். எதுவானாலும் உள்ளத உள்ளபடி அவர்கிட்ட சொல்லிக் கேளுங்க மாமா. வேணாம்னா வேணாம்.”

அடுத்த ஆடி! இந்த ஆடிப் பெருக்கன்றைக்கு அவள் அமைப்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கீழண்டை ஊர்க்காரர்கள் வருகிறார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வரலாம் என்கிறாள். ‘ஆற்றுக்கு இடம் ஈந்த பரஞ்சோதி’ என்று எனக்கு ஒரு வாசகம்கூடத் தோன்றிவிட்டது. குளிக்கும்போது இரண்டு முறை பேசிப் பார்த்தேன். தொண்டை நன்றாக இருக்கிறது.

ஆனி 10

இன்றைக்குச் சாப்பாட்டில் முருங்கைக்கீரைப் பொரியல், ரசம்.

மச்சானிடம் வாய் வெட்டுவதைச் சொன்னேன். நாரை, நத்தை, வண்டல் எல்லாம் சொன்னேன். நீர்நாயைச் சொன்னபோது மட்டும் எருமை அளவு என்று சொல்லிவிட்டேன். “மாகாணி போட்டா பெருச்சாளி” என்று சிரித்தான்.

பிறகு கேட்டான்: “ஏண்டா, அந்தத் தண்ணி என் ரஸ்தாளிக்கு எவ்வளவுடா வரும்?”

முழங்கால் என்ற சொல் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. மரகதம் ரசம் ஊற்றினாள். ஒரு வாய் விழுங்கினேன். ரசத்தோடு அதுவும் போய்விட்டது.

“கால் கட்டைவிரல் நனையும் மச்சான். நகம் கழுவுன மாதிரி.”

“மாகாணி போட்டா?”

“மாகாணி போட்டா ஈரக்காத்துதான் அடிக்கும் அண்ணே” என்றாள் மரகதம். மூவரும் சிரித்தோம்.

“வெட்டுடா, வெட்டு. உன் நாரையெல்லாம் வந்து நகம் கழுவிட்டுப் போகட்டும்” என்றான்.

மோர் சற்றுப் புளிப்பு. இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆனி 11

“பெரியப்பாகிட்ட சொன்னீங்களா?” என்று பாப்பா கேட்டாள்.

“சொன்னேன். வெட்டுன்னுட்டான்.”

“முழங்கால்னு சொன்னீங்களா?” என்றவள், நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டாள். “நீங்களாவது முழங்கால்னு சொல்றதாவது. கழுத்து வரைக்கும்னு சொல்லியிருப்பீங்க. அவர் கழிச்சுக் கழிச்சு முழங்காலுக்கு வந்து சேர்ந்திருப்பார்.”

நானும் சிரித்தேன்.

“எதுக்கும் நான் ஒரு எட்டுப் போயி…”

“வேணாம் பாப்பா. சரின்னு சொன்னவன்கிட்ட திரும்பப் போயிக் கேட்டா, நம்பலையான்னு கோவிச்சுக்குவான்.”

அவளுக்கு மத்தியான பஸ். அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.

ஆனி 24

பம்புசெட்டில் வாஷர் போய்விட்டது. தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சி அடித்ததில் வானவில் தெரிந்தது. (தெரிந்தது. முழுக்கணக்கு.)

மச்சானின் தோட்டத்தில் முதல் வாழை பூத்துவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். தொட்டியத்திலிருந்து லாரியில் தானே உட்கார்ந்து கொண்டுவந்த கன்றுகள். ரஸ்தாளி செல்லப்பிள்ளை, கொஞ்சம் வாட்டம் என்றாலும் படுத்துவிடும் என்று ஊரே பயமுறுத்தியும் வைத்தான். வாழ்நாளெல்லாம் கரும்பும் நெல்லும் போட்டவனுக்கு இதுதான் முதல் வாழை. பூவைத் தொடாமல் கையை மட்டும் கிட்டே கொண்டுபோய், “பாத்தியாடா?” என்றான்.

“இந்தத் தார் பூமியத் தொடும் மச்சான். தூக்க கிரேன் சொல்லி வை.”

“மாகாணி போடாம இந்த ஒண்ண மட்டும் நம்புறேன்” என்றான்.

ஆடி 3

மண்வெட்டிக்குப் பிடி மாற்றினேன். இடுப்பை யானை மிதித்துவிட்டது.

ஆடி 18

வெற்றி! வெற்றி!

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பத்திரிகைக்காரர் வரவில்லை. அவர் வராதது அவருக்கு நஷ்டம். நான் பேசினேன். “பகீரதன் ஆகாய கங்கையை இறக்கினான். நான் கொள்ளிடத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறேன்” என்றதும் கைதட்டல். மரகதம் சித்திரான்னம் செய்து கொண்டுவந்திருந்தாள். தேங்காய்ச் சோறு தீர்ந்துபோயிற்று.

“முதல் வெட்டு என் மச்சான் வெட்டட்டும். அவன் சம்மதிக்கலேன்னா இது இல்ல” என்று மண்வெட்டியை அவனிடம் கொடுத்தேன். எல்லாரும் பார்க்கும்படிக் கொடுத்தேன். அந்த இடத்தில் அப்படிச் செய்தால் பெருந்தன்மையாக இருக்கும் என்று தோன்றியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினான். மண் சரிந்தது. ஆறு தாழ ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் ஏதும் வரவில்லை. சின்னக்கரையில் வாய் மட்டும் திறந்துகொண்டு நின்றது.

“ஏண்டா, நகம் கழுவ இம்மாம் பெரிய வாயா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படிக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பா மட்டும் “என்ன நகம்?” என்று என்னைப் பார்த்தாள்.

“அது எங்களுக்குள்ள” என்றேன்.

ஆடி 27

மேலே எல்லா அணைகளும் நிரம்பிவிட்டனவாம். கொள்ளிடத்தில் திறக்கிறார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

பாப்பா போன் செய்தாள்: “பெரிய வெள்ளம் மாமா. ஆடு மாடெல்லாம் பெரிய கரைக்கு மேல கொண்டுபோயிடுங்க. பெரியப்பா ரெடியா?”

“ரெடி.”

போனை வைத்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. மச்சானின் தோட்டத்துக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். வழியில் ஒரு செருப்பு அறுந்துபோனதை இங்கே சாட்சியாக வைக்கிறேன். அவன் வாழைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லா மரமும் தார் தள்ளியிருந்தது.

“மச்சான், தண்ணி முழங்கால் வரைக்கும் வரும்டா.”

மூங்கிலைக் கட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னான்: “மாகாணி.”

“இல்லடா, நிஜமா. இன்னிக்கே ஆள் போட்டு மணல் மூட்டை அடுக்கி அந்த வாய அடைச்சுடலாம்.”

திரும்பி என்னைப் பார்த்தான். குனிந்து தன் முழங்காலைத் தொட்டான். அங்கிருந்து விரலால் அளந்துகொண்டே கீழே இறங்கினான், பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைப்பதுபோல. கட்டைவிரல் நகத்தில் வந்து நிறுத்தினான்.

“முழங்கால்ல மாகாணி போட்டா சரியா நகம். நீ அன்னைக்குச் சொன்னதுதானேடா. இன்னைக்கு எதுக்குப் புதுசா ஓடி வந்து சொல்றே?”

கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அவன் சிரித்தான். சத்தியம் செய்திருக்கலாம். செங்கமலத்தின் மேல் ஆணை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மண்வெட்டியோடு கிளம்பியிருப்பான். ஆனால் அப்படிச் சொன்னால், “அப்ப அன்னைக்கு?” என்று கேட்பான்.

நானும் சிரித்தேன். ஒரு செருப்போடு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஆவணி 1

வந்துவிட்டது.

ஆவணி 2

பாப்பாவின் கருவிக்கு யாராவது கோயில் கட்ட வேண்டும். முழங்கால் என்றாள். முழங்கால்தான். விரற்கடை கூடப் பிசகவில்லை.

என் பள்ளம் முழுக்க ஒரே தண்ணீர். கரும்புத் தோகை நுனிகூடத் தெரியவில்லை. அதற்குள்ளாகவே நாலைந்து கொக்குகள் வந்து, ஏலத்தில் எடுத்த மாதிரி நிற்கின்றன. என் ஆயுளில் அதைவிட அழகாக எதையும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அதன் பிறகுதான் வாழைப் பக்கம் திரும்பினேன்.

கோதண்டம் தோட்டத்து நடுவில் நின்றான். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. செம்மண் நிறத் தண்ணீர் அவன் முழங்காலைச் சுற்றி ஓடியது. அவன் வாழையைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மச்சான்” என்றேன்.

“கட்டைவிரல்னு சொன்னீங்க.”

எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னீங்க. என்னைத்தான்.

ஒரே பெஞ்சு. அவன் பல்பம் தின்ற வாயால் என்னை ‘டா’ போடாமல் கூப்பிட்டதே இல்லை. என் கல்யாணப் பந்தலில் ஐயர் முன்னால், “சீக்கிரம் தாலியக் கட்டுடா, பசிக்குது” என்றவன்.

“அஞ்சாறு நாள் முந்தி முழங்கால்னு சொன்னேன்லடா…”

“சொன்னீங்க” என்றான். குரலில் கோபம் இல்லை. கொஞ்சமாவது இருந்திருக்கலாம். “நான்தான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேங்க.”

ஆவணி 3

சாப்பிடப் போகவில்லை. பசியில்லை என்று மரகதத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அவல் ஊறப்போட்டுத் தின்றேன்.

ஆவணி 5

தண்ணீர் நிற்கிறது.

ஆவணி 6

தண்ணீர் நிற்கிறது. இலையெல்லாம் மஞ்சள்.

ஆவணி 9

வடிகிறது. முட்டுக் கொடுத்த மரங்கள் முட்டோடு சாய்கின்றன. வீட்டிலிருந்தே கேட்கிறது. ஈரச் சாக்கைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். ஒன்று விழுந்தபின் அடுத்தது எப்போது என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. ரஸ்தாளி செல்லப்பிள்ளைதான். ஊரார் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆவணி 11

பால்காரர் சைக்கிளில் டிபன் கேரியர் ஒன்று வந்தது. “மரகதம் அக்கா குடுக்கச் சொன்னாங்க. பசியில்லாட்டியும் சாப்பிடணுமாம்.”

சோறு, வாழைத்தண்டுக் கூட்டு.

ஆவணி 12

வாழைப்பூப் பொரியல்.

ஆவணி 13

வாழைத்தண்டு மோர்க்கூட்டு. விழுந்த மரங்களை என்னதான் செய்வாள், பாவம். ஊரில் எல்லா வீட்டுக்கும் தண்டு கொடுத்திருக்கிறாளாம். வெள்ளைவெளேரென்று சன்னமாக நறுக்கி, நார் எடுத்து, ஒரு குறையும் இல்லாமல் செய்து அனுப்புகிறாள். அவன் தோட்டத்தை ஒவ்வொரு கவளமாக நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆவணி 14

வாழைத்தண்டு.

ஆவணி 16

பாப்பா வந்தாள். நேராகக் கோதண்டத்தின் வீட்டுக்குப் போய்விட்டு என்னிடம் வந்தாள். நகம் என்ன என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

திட்டுவாள் என்று திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். தலையைக்கூடத் தாழ்த்தி வைத்துக்கொண்டேன்.

“என் தப்பு மாமா” என்றாள். “நான் நேர்ல போயிச் சொல்லியிருக்கணும். நீங்க எப்பவும் கூட்டித்தானே சொல்வீங்கன்னு சும்மா இருந்துட்டேன்.”

“பாப்பா…”

“அன்னைக்கு எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு. அவ்வளவுதான் காரணம். யோசிச்சுப் பாத்தா அசிங்கமா இருக்கு.”

அவள் பழியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான் இங்கே வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் முழுக்க என்னைப் பதினாறாக வகுக்கத் தெரியும். குழந்தைக்குக்கூடத் தெரியும். பெருக்க வேண்டியிருக்கும் என்று யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அறுபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை குறைத்துச் சொன்னேன்.

ஆவணி 21

துணிந்து போனேன்.

கோதண்டம் வாசலில் நார் கிழித்துக்கொண்டிருந்தான். விழுந்த மரத்து மட்டைகள் ஒரு குவியல் கிடந்தன. பூக்கட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்களாம்.

“வாங்க” என்றான். “மரகதம், அண்ணனுக்குக் காபி போடு.”

முன்பெல்லாம் நான் வாசலில் கால் வைத்தால், “எங்கடா போய்த் தொலைஞ்சே?” என்பான். அதுதான் எங்கள் வீட்டு வரவேற்பு.

பேச்சு ஏதும் தயார் செய்யவில்லை. குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்க்கவில்லை. “என் மேட்டுக் கொல்லைய எடுத்துக்க மச்சான். அங்க தண்ணி ஏறாது. வாழை வை. கன்னு நான் தொட்டியத்துலேருந்து கொண்டாந்து தர்றேன்” என்றேன்.

“உங்க நெலம் உங்ககிட்டயே இருக்கட்டுங்க.”

“அப்ப அந்த வாய அடைச்சுடறேன். நாளைக்கே. ஆறு அது வழியே போகட்டும்.”

நார் கிழிப்பதை நிறுத்தினான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

“அத எதுக்குங்க அடைக்கணும்? நேத்துப் போயி நின்னேன். குளத்துல கல்ல அள்ளி எறிஞ்ச மாதிரி மீன் குதிக்குது. அது என்ன பண்ணுச்சு பாவம். அது இருக்கட்டுங்க.”

காபியில் சர்க்கரை எனக்குப் போடுகிற அளவுக்குச் சரியாக இருந்தது. மரகதம் மறக்கவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி 6

பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு. தாமதமாக வந்த மழையும் சேர்ந்துகொண்டது. தாழைக்கோழிகள் கொரகொரவென்று சத்தம் போடுகின்றன. முக்குளிப்பான் ஒன்று இங்கே முங்கி அங்கே எழுகிறது. எனக்கும் இப்படி ஒரு வித்தை தெரிந்திருக்கலாம்.

மண்வெட்டிக்கு எண்ணெய் போட்டு, கூடையோடு எடுத்து வைத்தேன்.

புரட்டாசி 19

குறுக்குக்கரை போடுகிறார்கள். பாப்பாவும் கோதண்டமும் உட்கார்ந்து பேசி, எங்கிருந்து எதுவரை என்று முடிவு செய்து, ஆளும் சொல்லிவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லைதான். என் பள்ளத்தில் வெள்ளம் வரும், அவன் தோட்டத்தில் ஏறாது. போன ஆனியிலேயே பாப்பா சொன்ன வழி. நான் பொறுத்திருந்தால் இந்த மண் இதைவிட முந்தி வந்திருக்காது. ஆனால் வாழை இருந்திருக்கும். இந்நேரம் தார் முற்றி இருக்கும்.

நானும் போய்க் கூடை எடுத்து மண் சுமந்தேன். கூலிக்கு வந்தவர்கள், “மாகாணி மாமா, உங்க கூடையில எத்தன டன்?” என்று கேட்டார்கள்.

“ஒரு கூடை” என்றேன்.

அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மச்சானின் எல்லையில் பாப்பா ஓர் அளவுக் கம்பம் நட்டிருக்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். வெள்ளம் எவ்வளவு வரும், எவ்வளவு வந்தது என்று இனி அதைப் பார்த்துக்கொள்ளலாம். யார் வாயையும் கேட்க வேண்டியதில்லை.

ஐப்பசி 12

நீர்நாய்!

விடிந்ததும் போனேன். தாய் ஒன்று, குட்டிகள் மூன்று. விராலைப் பிடித்துக் கரைமேல் போட்டு, நாலும் சேர்ந்து தின்றன. ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டு, குழாயடிப் பெண்கள் மாதிரி கூச்சல். குட்டி ஒன்று பின்னங்காலில் நின்று என்னைப் பார்த்தது. போன வருஷம் கேட்ட அதே பார்வை. என்ன குறை?

இந்தத் தடவை சொல்லத் தெரிந்தது. சொன்னேன். அது போய்விட்டது.

வழக்கப்படி ஓட்டமாகத் திரும்பினேன். மச்சான் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். ‘எருமை அளவு நாலு, மச்சான்’ என்று வாயில் தயாராக இருந்தது. அங்கேயே நின்றேன். பிறகு டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தேன். “என்ன மாமா, விசேஷம்?” என்றார்கள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

ஐப்பசி 28

மழை. ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன்.

கார்த்திகை 9

நத்தைகுத்தி நாரைகள் வந்துவிட்டன.

பள்ளம் நிறைய, குறுக்குக்கரை நிறைய, கரும்பு அழுகிப்போன இடமெல்லாம் நிறைய. சாம்பல் வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரிகிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி. ஒரே சமயத்தில் எழும்பியபோது கீழே நிலத்தில் நிழல் ஓடியது. நிழலைத்தான் முதலில் பார்த்தேன். மேலே பார்த்ததும் வாயடைத்துப்போனேன். பரஞ்சோதிக்கு வாயடைத்தது என்று யாரிடமாவது சொன்னால் அதற்கும் மாகாணி போடுவார்கள்.

இவ்வளவு நாளும் சின்னதை எல்லாம் பெரிதாக்கிக்கொண்டே திரிந்தேன். பெரியதே நேரில் வந்து நிற்கிறது. கூட்டிச் சொல்ல இடம் வைக்கவில்லை.

கேரியர் அடுக்கு ஒன்றைப் புளி போட்டுத் துலக்கினேன். மரகதம் சோறு அனுப்பியதில் இத்தனை நாளும் என்னிடமே தங்கிவிட்டது அது. அதைக் கொடுக்கும் சாக்கில் கிளம்பினேன்.

கோதண்டம் வாசலில் உட்கார்ந்து புதுக் கன்றுகளின் வேரைச் சீவிக்கொண்டிருந்தான். மறுபடியும் ரஸ்தாளி. விடவில்லை அவன்.

“வாங்க. உக்காருங்க.”

உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தேன். என் ஆயுளில் அவ்வளவு பெரிதாக நான் எதையும் சொன்னதில்லை.

“மச்சான், நாரை வந்திருக்குடா! லட்சம் நாரை! ஒவ்வொண்ணும் பனைமர ஒசரம். சிறகு விரிச்சா நீர்மங்கலத்துக்கே பந்தல் போட்ட மாதிரி. சூரியனக் காணோம். கொள்ளிடத்துத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சிருச்சு ஒண்ணு. முன்னால நீர்நாய் நூறு, மேளதாளத்தோட…”

நிறுத்தினேன். வேண்டிய அளவுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் எந்தப் பக்கம் பிடித்து வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வார்த்தை போதும் அவன் சொல்ல. உள்ளே அடுப்படியில் மரகதத்தின் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது. அவளும் காத்திருந்தாள்.

கன்றைத் திருப்பி மறுபக்கம் சீவினான். ஊதி மண்ணைத் தட்டினான்.

“அவ்வளவுங்களா” என்றான்.

“ஒவ்வொண்ணும் பனைமரம்டா, கோதண்டம்.”

“இருக்குங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

உள்ளே கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுக்கைச் சுவரோரமாக வைத்தேன். காபி வந்தது. குடித்தேன். கன்று நல்ல கன்று என்றேன். ஆமாங்க என்றான்.

லட்சம் நாரையையும் ஒன்று குறையாமல் அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.